வழக்கத்துக்கு மாறான வடிவுடைய உந்துபொறிகள்

தொடர்வண்டி வரலாற்றில், பொதுவாகக் காணப்படும் தோற்றத்திலிருந்து பெரிதும் விலகி, பார்ப்பவருக்கு விந்தையாகவோ அழகற்றதாகவோ தோன்றிய உந்துபொறிகள் (இரயில் எஞ்சின்கள்) பல உள்ளன. இவை பொறியியலில் முறையாக வகுக்கப்பட்ட ஒரு பிரிவைச் சேர்ந்தவை அல்ல. தோற்றத்தை மட்டும் கொண்டு ஒன்றாக வைத்துப் பேசப்படுபவை. எனினும் இவற்றுள் பெரும்பாலானவற்றின் தோற்றத்துக்குத் தெளிவான காரணம் உண்டு. செங்குத்தான மலை, நீரற்ற நிலம், நீண்ட சுரங்கவழி, வலுக்குறைந்த பாலம், போர்க்காலப் பற்றாக்குறை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றுக்கு விடையாகவே அவ்வடிவம் அமைந்தது. இக்கட்டுரை, தமிழ்நாட்டின் கரிசல் வறள்நிலத்தில் கோவில்பட்டி வழியாக ஓடிய வழக்கமான பொறிகளை அளவுகோலாகக் கொண்டு, அவற்றிலிருந்து விலகிய சில பொறிகளையும் அவற்றின் வடிவத்துக்கான காரணங்களையும் விளக்குகின்றது.

வழக்கமான வடிவம்

நீராவி உந்துபொறி என்றதும் நம் மனத்தில் தோன்றும் உருவம் 19 ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றதாகும். 1829 இல் இங்கிலாந்தில் ஓடிய 'ராக்கெட்' பொறியிலேயே அதன் அடிப்படைகளைக் காணலாம். கிடையாக அமைந்த நீண்ட கொதிகலன், அதன் பின்முனையில் நிலக்கரி எரியும் எரியறை, முன்முனையில் புகைபோக்கி, முன்புறம் இருமருங்கிலும் உருளைகள் (சிலிண்டர்கள்), அவற்றால் இயங்கும் ஓட்டுச் சக்கரங்கள், எரியறைக்குப் பின்னால் ஓட்டுநர் அறை, அதற்கும் பின்னால் நிலக்கரியும் நீரும் ஏற்றிய டெண்டர் வண்டி என்பதே அவ்வமைப்பு.

எரியறையிலிருந்து வரும் சூடான புகை, கொதிகலனுக்குள் உள்ள குழாய்கள் வழியாக முன்னோக்கிச் சென்று நீரைக் கொதிக்க வைக்கும். அவ்வாறு உண்டாகும் நீராவி உருளைகளில் உள்ள ஆடுதண்டுகளைத் (பிஸ்டன்களைத்) தள்ளிய பின் புகைபோக்கி வழியே வெளியேறும். வெளியேறும்போது அது புகையையும் தன்னோடு இழுத்துச் செல்வதால், எரியறைக்குள் புதிய காற்று புகுந்து நெருப்பு மேலும் கொழுந்துவிட்டு எரியும். பொறி விரைந்து வேலை செய்யுந்தோறும் நெருப்பும் தானே வலுக்கும் இவ்வேற்பாடு மிக எளியது. ஆனால் இதில் ஒரு விலை உண்டு. வேலை முடிந்த நீராவி முழுவதும் காற்றில் கலந்து வீணாகின்றது. ஒரு கிலோகிராம் நிலக்கரிக்கு ஏறத்தாழ 6 முதல் 8 கிலோகிராம் வரை நீர் செலவாகும். எனவே நீராவிப் பொறி நிலக்கரியைக் காட்டிலும் நீரையே மிகுதியாக உட்கொள்ளும் பொறியாகும்.

கரிசல் நிலமும் வழக்கமான பொறியும்

1874 இல் உருவான தென்னிந்திய இரயில்வே நிறுவனத்தின் மதுரை – தூத்துக்குடி மீட்டர் பாதை (மீட்டர் கேஜ்) 1876 இல் திறக்கப்பட்டது. விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, கடம்பூர், மணியாச்சி வழியாகச் செல்லும் இப்பாதையின் பெரும்பகுதி கரிசல் காட்டின் ஊடாக அமைந்ததாகும். 1914 இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு தனுஷ்கோடி வழி நடைமுறைக்கு வரும்வரை, சென்னையிலிருந்து கொழும்பு செல்வோர் இவ்வழியே தூத்துக்குடிக்கு வந்து கப்பலேறினர். பருத்திப் பொதிகளும் இப்பாதையிலேயே துறைமுகத்தை அடைந்தன.

இந்நிலம் இருப்புப்பாதைக்கு இருவகை இடர்களைத் தருவது. முதலாவது மண். கரிசல் மண்ணில் உள்ள களித்துகள்கள் மழைக்காலத்தில் நீரை உறிஞ்சி வீங்கும். கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். இதன்மேல் இட்ட பாதை ஓரிடத்தில் உயர்ந்தும் ஓரிடத்தில் தாழ்ந்தும் போகக்கூடும். இரண்டாவது நீர். மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்து முடிந்துவிடும். எஞ்சிய காலத்தில் கண்மாய்களும் கிணறுகளுமே துணை. கிணற்று நீர் பல ஊர்களில் உவர்நீராகும். உவர்நீரைத் தொடர்ந்து காய்ச்சும் பாத்திரத்தின் உட்புறத்தில் வெண்ணிறப் படிவு ஏறுவதைப் போலவே கொதிகலன் குழாய்களிலும் படிவு ஏறும். படிவு தடித்தால் வெப்பம் நீரைச் சென்றடையாது, குழாய்கள் பழுதாகும்.

இவ்விரு இடர்களும் பொறியின் வடிவத்தை மாற்றவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. மண்ணால் வரும் இடர் பொதுவாகப் பாதையிலேயே தீர்க்கப்படும். வீங்காத சரளைமண் அடுக்கு, போதிய சல்லி, நல்ல வடிகால் ஆகியவை அதற்கான வழிகள். நீரால் வரும் இடர் நிலையங்களில் தீர்க்கப்படும். நீராவிக் காலத்து இருப்புப்பாதைகளில் குறித்த தொலைவுக்கு ஒரு நிலையத்தில் கிணறும், உயரத்தில் தொட்டியும், பொறிக்கு நீர் ஊற்றும் தூணும் அமைந்திருந்தன. கொதிகலனைக் குறித்த நாளுக்கொரு முறை கழுவிப் படிவை நீக்கும் வேலை பணிமனைத் தொழிலாளருடையது. தரையும் பெரிதும் சமதளம் ஆகையால் இப்பாதைக்கு வழக்கமான பொறியே போதுமானதாக இருந்தது.

இந்திய விடுதலைக்குப் பின் மீட்டர் பாதைகளுக்கென உருவாக்கப்பட்ட ஒய்.பி. வகைப் பயணிகள் பொறியும் ஒய்.ஜி. வகைச் சரக்குப் பொறியும் 1949 முதல் வரத் தொடங்கின. ஒய்.பி. வகையில் 871 பொறிகளும், ஒய்.ஜி. வகையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பொறிகளும் கட்டப்பட்டன. இவை அளவான கொதிகலனும் சீரான சக்கர வரிசையும் கொண்டு பார்வைக்கு நேர்த்தியானவை. அந்த நேர்த்திக்கு ஒரு காரணம், நிலத்தின் சுமையைப் பாதையும் நிலையமும் மனித உழைப்பும் ஏற்றுக்கொண்டதே ஆகும். அவ்வாறு வெளியே தீர்க்க இயலாத சுமையைப் பொறியே ஏற்கவேண்டி வந்த இடங்களில் அதன் உருவம் மாறியது.

நீரற்ற நிலம்: தென்னாப்பிரிக்காவின் 25 ஆம் வகுப்பு

கரிசல் காட்டினும் வறண்ட நிலத்தில் நிலையத்துக்கு நீர் கொண்டுவருவதே இயலாத நிலை ஏற்படும்போது என்ன நிகழும் என்பதற்கு தென்னாப்பிரிக்காவின் கரூ பாலைவெளி எடுத்துக்காட்டாகும். அங்கு ஓடுவதற்காக 1953 முதல் 1955 வரை 90 பொறிகள் கட்டப்பட்டன. இவற்றில் வேலை முடிந்த நீராவி புகைபோக்கிக்குச் செல்லாமல் ஒரு பெரிய குழாய் வழியாக டெண்டருக்குத் திரும்பும். அங்கு மின்விசிறிகளைப் போன்ற பெரிய விசிறிகள் இழுக்கும் காற்றினால் குளிர்ந்து மீண்டும் நீராகும். அந்நீர் கொதிகலனுக்கு மறுபடியும் செலுத்தப்படும். இதனால் நீர்ச் செலவு ஏறத்தாழ 90 விழுக்காடு வரை குறைந்தது.

இதன் விளைவாக டெண்டர் பொறியைவிட நீளமாயிற்று. நீராவி புகைபோக்கி வழியே செல்லாததால் நெருப்புக்குக் காற்றிழுக்க வேறு வழி தேவைப்பட்டது. எனவே பொறியின் முகப்பில் நீராவியால் சுழலும் விசிறி ஒன்று பொருத்தப்பட்டு முகப்பும் உருமாறியது. நீராவிப் பொறிக்கு உரிய விட்டு விட்டு ஒலிக்கும் ஓசைக்கு மாறாக இப்பொறி தொடர்ந்து இரைந்தது. புகையோடு வரும் சாம்பல் துகள்கள் விசிறியின் அலகுகளைத் தேய்த்ததால் பராமரிப்புச் செலவு மிகுந்தது. 1970களில் இவை வழக்கமான பொறிகளாக மாற்றப்பட்டன. ஒன்று மட்டும் பழைய அமைப்பிலேயே விடப்பட்டது. மாற்றப்பட்ட நீண்ட டெண்டர்களுக்கு அந்நாட்டவர், குட்டைக் கால்களும் நீண்ட உடலும் கொண்ட நாயினத்தின் பெயரையே பட்டப்பெயராக இட்டனர்.

செங்குத்தான மலை: நீலகிரியின் எக்ஸ் வகை

தமிழ்நாட்டில் இன்றும் இயங்கும் வழக்கத்துக்கு மாறான பொறி நீலகிரி மலை இரயில்வேயின் எக்ஸ் வகையாகும். மேட்டுப்பாளையம் – குன்னூர்ப் பாதை 1899 இல் திறக்கப்பட்டது. 1908 இல் உதகமண்டலம் வரை நீண்டது. கல்லாறு முதல் குன்னூர் வரையிலான பகுதியில் ஏற்றம் ஏறத்தாழ 12 மீட்டருக்கு 1 மீட்டர் ஆகும். இத்தகைய ஏற்றத்தில் வழவழப்பான இரும்புச் சக்கரம் வழவழப்பான தண்டவாளத்தைப் பற்றி ஏற இயலாது. எனவே இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்சட்டம் பதிக்கப்பட்டுள்ளது. பொறியின் அடியில் உள்ள பற்சக்கரங்கள் அதனைக் கவ்வி ஏறும்.

சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் 1914 முதல் கட்டப்பட்ட எக்ஸ் வகைப் பொறிகளில் ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு உருளைகள் உள்ளன. கீழ் உருளைகள் வழக்கமான ஓட்டுச் சக்கரங்களை இயக்குகின்றன. பற்சட்டப் பகுதியை அடைந்ததும், கீழ் உருளைகளில் வேலை செய்து வெளிவரும் நீராவி மேல் உருளைகளுக்குத் திருப்பப்படுகின்றது. அவை பற்சக்கரங்களைச் சுழற்றுகின்றன. அதாவது, ஒரே நீராவி இருமுறை வேலை செய்கின்றது. மேலும் கீழுமாக இரண்டு தொகுதித் தண்டுகள் வேறுவேறு வேகத்தில் அசைவதால், ஓடும்போது இப்பொறி குழப்பமான தோற்றம் தரும். நீர்த்தொட்டிகள் பக்கவாட்டில் அமைந்திருப்பதால் உருவமும் குறுகிப் பருத்துக் காணப்படும்.

இப்பொறி வண்டியின் முன்னால் நின்று இழுப்பதில்லை. பள்ளத்தின் பக்கமாக நின்று மேல்நோக்கித் தள்ளுகின்றது. இணைப்பு அறுந்து பெட்டிகள் பின்னோக்கி உருண்டோடாமல் காப்பதற்கான ஏற்பாடு இது. 2005 இல் இப்பாதை யுனெசுக்கோவின் உலகப் பாரம்பரியக் களமாக ஏற்கப்பட்டது. பழைய பொறிகள் தேய்ந்ததால், திருச்சிராப்பள்ளி பொன்மலைப் பணிமனையில் 2011 முதல் இதே வடிவில் புதிய பொறிகள் கட்டப்பட்டன. நூறாண்டுக்கு முந்தைய வடிவத்தை மாற்றாமல் மீண்டும் செய்தது, அம்மலைக்கு அவ்வடிவமே பொருந்துகின்றது என்பதைக் காட்டுகின்றது.

சாலையோரத் தண்டவாளம்: மூணாறும் பாட்டியாலாவும்

போடிநாயக்கனூருக்கு மேலே உள்ள மலைத்தொடரில், மூணாறு தேயிலைத் தோட்டங்களிலிருந்து டாப் ஸ்டேசன் வரை 1902 இல் ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று இடப்பட்டது. இது இயூவிங் முறை எனப்படும். வண்டியின் எடையில் ஏறத்தாழ முழுவதையும் ஒரே தண்டவாளத்தில் ஓடும் சக்கரங்கள் தாங்கும். பக்கவாட்டில் நீட்டிய ஒரு சக்கரம் தரையில் உருண்டு, வண்டி சாயாமல் காக்கும். இங்கு வண்டிகளை இழுத்தவை மாடுகளே. டாப் ஸ்டேசனிலிருந்து தேயிலை கம்பிவடம் வழியாகக் கீழே கொட்டகுடிக்கு இறக்கப்பட்டு, மாட்டுவண்டிகளில் போடிநாயக்கனூரை அடைந்தது. 1908 இல் இவ்விடத்தில் குறுகிய இருதண்டவாளப் பாதை அமைக்கப்பட்டது. அதுவும் 1924 ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அழிந்தது.

இதே முறையில் பஞ்சாபின் பாட்டியாலா அரசில் 1907 முதல் ஓடிய ஒற்றைத் தண்டவாள வண்டிக்கு நீராவிப் பொறிகள் இருந்தன. பெர்லினின் ஓரென்சுடைன் – கோப்பல் நிறுவனம் அவற்றைக் கட்டியது. பொறியின் நடுவே ஒரே வரிசையில் மூன்று சக்கரங்கள். பக்கத்தில் சாலைமீது உருளும் ஒரு பெரிய சக்கரம். முன்னிருந்து பார்ப்பவருக்கு அது ஒரு பக்கம் மட்டும் சிறகு முளைத்ததுபோல் தோன்றும். சாலையை ஒட்டி ஒரு தண்டவாளம் இட்டால் போதும் என்பதால் செலவு குறைவு. மோட்டார் வண்டிகளும் நல்ல சாலைகளும் பெருகியதால் 1927 இல் இது கைவிடப்பட்டது. பல ஆண்டுகளுக்குப் பின் கண்டெடுக்கப்பட்டுச் சீர்செய்யப்பட்ட ஒரு பொறி, புது தில்லியில் உள்ள தேசிய இரயில் அருங்காட்சியகத்தில் உள்ளது.

மிகு சுமை: காரட் பொறிகள்

எடைமிகுந்த வண்டியை இழுக்கப் பெரிய பொறி தேவை. ஆனால் பெரிய பொறியின் எடையைப் பாலங்களும் மெலிந்த தண்டவாளங்களும் தாங்கா. நீண்ட பொறி வளைவுகளில் திரும்பாது. எர்பர்ட் வில்லியம் காரட் என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1907 இல் காப்புரிமை பெற்ற வடிவம் இதற்கு விடையளித்தது. முன்னும் பின்னும் தனித்தனியே சக்கரங்களும் உருளைகளும் கொண்ட இரு வண்டிகள். அவற்றின் மேல் நீர்த்தொட்டியும் நிலக்கரியும். இரண்டுக்கும் நடுவே பாலம்போல் தொங்கும் சட்டத்தில் கொதிகலன். இரு முனைகளும் தனித்துத் திரும்புவதால் வளைவு எளிது. எடையும் பல சக்கரங்களில் பரவும். எது முன்புறம், எது பின்புறம் என்று எளிதில் சொல்ல இயலாத உருவம் இது.

முதற் காரட் 1909 இல் ஆசுத்திரேலியாவின் தாசுமேனியாவுக்காகக் கட்டப்பட்டது. 1911 இல் டார்ஜிலிங் மலைப்பாதைக்கு ஒன்று வந்தது. பின்னர் வங்காள – நாக்பூர் இரயில்வே, நிலக்கரி வண்டிகளை இழுக்க மிகப் பெரிய காரட் பொறிகளை வாங்கியது. இலங்கையில், மலைநாட்டுப் பாதையில் ஒரு வண்டிக்கு இரண்டு பொறிகளைப் பூட்டும் நிலையைத் தவிர்க்க 1927 இல் ஒரு காரட் தருவிக்கப்பட்டது. 1945 இல் மேலும் 8 வந்தன. ஒற்றைப் பெட்டிக்குள் நிமிர்ந்த கொதிகலனை மறைத்து வைத்த சென்டினல் நீராவிப் பெட்டிகளும் களனிவெளிக் குறும்பாதையில் ஓடின. ஒன்று பெருஞ்சுமைக்கு, மற்றொன்று சிறுகூட்டத்துக்கு எனச் செய்யப்பட்டதால் இரண்டும் எதிரெதிர்த் திசைகளில் வழக்கத்திலிருந்து விலகின.

மின்பொறி: மும்பை மலைச்சரிவின் 'நண்டு'

வடிவம் விலகுவது நீராவிப் பொறிகளுக்கு மட்டும் உரியதன்று. மும்பையை அடுத்த மேற்கு மலைத்தொடர்ச் சரிவுகளில் சரக்கு வண்டிகளை இழுப்பதற்காக 1920களின் இறுதியில் வந்த டபிள்யூ.சி.ஜி.-1 வகை மின்பொறியில், நடுவே ஓட்டுநர் அறைகளும் இருபுறமும் தாழ்ந்து நீண்ட மூக்குகளும் இருந்தன. அக்காலத்து மின்னோடிகள் (மோட்டார்கள்) மிகப் பெரியவை; சக்கரங்களுக்கு இடையே அடங்கா. எனவே அவற்றை மூக்குகளுக்குள் வைத்துத் தண்டுகளால் சக்கரங்களோடு இணைத்தனர். இவ்வகையின் சுவிட்சர்லாந்து உறவினம் 'முதலை' எனப் பெயர்பெற்றது. இந்தியத் தொழிலாளர் இதனை 'கேக்டா' (நண்டு) என்றழைத்தனர்.

புகை: முன்னறைப் பொறிகள்

அமெரிக்காவின் சியரா நெவாடா மலைப்பாதையில் சுரங்கவழிகளும், பனிச்சரிவைத் தடுக்கும் நீண்ட மரக்கூரைகளும் மிகுதி. அவற்றினுள் பெரிய பொறி நுழையும்போது, புகைபோக்கிக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் ஓட்டுநர் மூச்சுத் திணறினர். சதர்ன் பசிபிக் நிறுவனம் பொறியையே திருப்பிவிட்டது போல ஓட்டுநர் அறையை முன்முனையில் வைத்தது. நிலக்கரியாயின் எரியறைக்கு அருகே டெண்டர் இருக்கவேண்டும். இங்கோ டெண்டர் மறுமுனையில். எண்ணெய் எரிபொருளாக இருந்ததால், அதனைக் குழாய்வழி முன்னுக்குச் செலுத்த முடிந்தது. பின்னோக்கி ஓடுவதுபோல் தோன்றும் இவ்வடிவம் தொழிலாளரின் மூச்சைக் காப்பதற்கென அமைந்ததாகும்.

பற்றாக்குறை: கியூ1 பொறியும் லீடர் பொறியும்

அழகற்ற பொறிகளைப் பற்றிப் பேசுவோர் பலரும் முதலில் குறிப்பிடுவது, இங்கிலாந்தின் சதர்ன் இரயில்வேக்காக ஆலிவர் புல்லீட் வடிவமைத்த கியூ1 வகையை ஆகும். இரண்டாம் உலகப் போரின் நடுவில், 1942 இல், 40 பொறிகள் கட்டப்பட்டன. இரும்பு அரிதாக இருந்த அக்காலத்தில், ஓடுவதற்குத் தேவையற்ற அனைத்தும் நீக்கப்பட்டன. சக்கரங்களின் மேல்மறைப்பு இல்லை. பக்கவாட்டு நடைபாதை இல்லை. கொதிகலனின் மேலுறை வளைவின்றி மடிந்து காணப்பட்டது. அவ்வாறு மிச்சமான எடையைக் கொண்டு கொதிகலனைப் பெரிதாக்கினர். ஆறு சக்கர அமைப்பில் பிரித்தானியாவின் மிக வலிய பொறியாக இது விளங்கி, 1960கள் வரை உழைத்தது.

அதே புல்லீட் வடிவமைத்து 1949 இல் வெள்ளோட்டம் விடப்பட்ட 'லீடர்' பொறி பார்வைக்கு ஒழுங்கானது. இருமுனையிலும் ஓட்டுநர் அறை கொண்டு, பயணிகள் பெட்டிபோல் நேர்த்தியாக மூடப்பட்டிருந்தது. ஆனால் நெருப்பிடுபவர் நடுவில் உள்ள அடைத்த அறைக்குள் தாங்கொணா வெப்பத்தில் வேலை செய்ய நேர்ந்தது. ஒருபுறம் ஒதுக்கி வைத்த கொதிகலனால் எடை சமனிழந்தது. தொடங்கப்பட்ட ஐந்தில் ஒன்று மட்டுமே ஓடியது. 1951 இல் எல்லாம் உடைக்கப்பட்டன. ஒரே கையால் செய்யப்பட்ட இவ்விரண்டில் அழகற்றது பயன்பட்டது, ஒழுங்கானது பயன்படவில்லை. ஆயினும் விந்தையான வடிவம் யாவும் வெற்றி பெற்றன என்று கொள்வதும் தவறு. 25 ஆம் வகுப்பும் பாட்டியாலாப் பொறியும் தம் நோக்கத்தை நிறைவேற்றிய பின்னரும் நீடிக்கவில்லை.

பாதுகாப்பு

வழக்கத்துக்கு மாறான பொறிகள் எண்ணிக்கையில் குறைவாயினும் அருங்காட்சியகங்களில் எளிதில் இடம் பெறுகின்றன. பாட்டியாலாப் பொறி, வங்காள – நாக்பூர்க் காரட், 'நண்டு' ஆகியவை புது தில்லியிலும், கியூ1 இங்கிலாந்தின் யார்க் நகரிலும், முன்னறைப் பொறி கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோவிலும் உள்ளன. வழக்கமான பொறிகளின் நிலை வேறு. 1990களில் மதுரை – தூத்துக்குடிப் பாதை அகலப்பாதையாக மாற்றப்பட்டது. நாடெங்கும் மீட்டர் பாதைகள் மறைந்தபோது, நூற்றுக்கணக்கில் இருந்த ஒய்.பி., ஒய்.ஜி. பொறிகளுள் சில மட்டும் காட்சிக்கு வைக்கப்பட்டன; பெரும்பாலானவை உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாயின. அவற்றுக்கு நீர் தந்த கிணறுகளும் தொட்டிகளும் தேவையற்றுப் போயின.

எனவே, ஒரு பொறியைப் புரிந்துகொள்ள விழையும் மாணவர் அதன் உருவத்தை மட்டுமன்றி, அது ஓடிய நிலத்தையும் சேர்த்துப் பார்ப்பது பயனுள்ளதாகும். மலையின் ஏற்றம் எக்ஸ் வகையின் உடலிலேயே தெரிகின்றது. கரிசலின் வறட்சி ஒய்.பி. பொறியின் உடலில் தெரிவதில்லை. அது நிலையத்துத் தொட்டியிலும் கிணற்றிலும் கொதிகலன் கழுவியவர் உழைப்பிலும் இருந்தது.